அந்தப் பெண் செய்ததும் பயிற்சிதான்

அந்த வீடியோவை எல்லாரும் பார்த்திருப்பீர்கள். சேலம் அஸ்தம்பட்டிப் பக்கம் மொட்டை மாடியில், கைப்பிடிச் சுவரைப் பிடித்தபடி ஒரு பெண் பாலே என்கிற மேற்கத்திய நடனப் பயிற்சி செய்கிறார். பக்கத்து மாடியிலிருந்து எடுத்து, "இதெல்லாம் ஒர்க்அவுட்டாம்" என்று போட்டிருக்கிறார்கள். கீழே வரிசையாகச் சிரிப்பு. இரண்டு நாளாக மனசு ஆறவில்லை.

பாலே உடற்பயிற்சிதான். கடுமையான உடற்பயிற்சி.

அவர் செய்தது ரெலவே. குதிகாலைத் தூக்கி முன்பாதத்தில் நிற்பது. நாலு எண்ணி ஏறணும், இரண்டு எண்ணி நிற்கணும், நாலு எண்ணி இறங்கணும். முட்டி மடங்கக் கூடாது. தொப்பென்று இறங்கினால் ஆடுசதைக்குப் பாதி வேலை போச்சு. இரண்டு காலில் 16 முறை, பிறகு ஒற்றைக் காலில். பத்தைத் தாண்டினால் குதிகால் முழு உயரத்துக்கு வராது, கணுக்கால் சுண்டுவிரல் பக்கம் சாயும். கால் பிசகுவது அந்தச் சாய்வில்தான். எடை கட்டைவிரல் மேலும் அடுத்த விரல் மேலும் நிற்கணும்.

'ஸ்வான் லேக்' என்கிற பாலே நாடகத்தில் ஒற்றைக் காலில் 32 சுற்று உண்டு. 1895இல் இத்தாலிய நடனக்காரி பியரினா லெக்னானி ஆடியது. ஒவ்வொரு சுற்றுக்கும் நிற்கிற கால் மடங்கி, மறுபடி விரல் நுனியில் ஏறணும். இதே ரெலவேதான். செய்து பார்த்துவிட்டுச் சிரியுங்கள்.

"ஏற்காடு ஏறச் சொல்லுங்க, அதுதான் பயிற்சி" என்கிறார் ஒருவர். அந்த 20 கொண்டை ஊசி வளைவையும் நடந்து இறங்கியவர்களைக் கேளுங்கள். ஏறும்போது மூச்சு வாங்கும், அவ்வளவுதான். மறுநாள் படி இறங்க விடாமல் தொடை பிடித்துக்கொள்வது இறங்கியதால். பாலேயின் ப்ளியேயும் அந்த இறக்கம்தான். முட்டியை மடக்கி மெல்லக் கீழே போகும்போது, தொடைத் தசை நீண்டுகொண்டே மொத்த உடம்பையும் தாங்குகிறது.

"நம்ம பரதத்துல அரைமண்டி இல்லையா?" இருக்கிறது. அதுவும் முட்டியை வெளிப்பக்கம் மடக்கி அரையாக உட்கார்வதுதான். இல்லை என்று யார் சொன்னது? இரண்டிலும் கால் வெளிப்பக்கம் திரும்ப வேண்டியது இடுப்பு மூட்டிலிருந்து. பாதத்தை மட்டும் வலிந்து திருப்பினால் உள்பாதம் தரையில் படிந்து, முட்டியின் உள்பக்கம் வலிக்கும். மடக்கும்போது முட்டி இரண்டாவது விரலுக்கு நேரே வரணும். உள்ளே சரிந்தால் பாதத்தின் விரிவைக் குறைக்கணும். இதில் நம்மளுது, அவங்களுது என்று எதற்குச் சண்டை?

இதை மட்டும் செய்தால் இதயத்துக்கான பயிற்சி போதாது என்றார் ஒரு ஜிம் மாஸ்டர். சரிதான். நடையோ சைக்கிளோ கூடச் சேர்க்கணும்.

இன்னொன்று கவனித்தீர்களா? அந்தப் பெண் ஒரு தடவைகூடக் குதிக்கவில்லை. பாலேயில் குதிப்பதற்கு, அடியில் இடைவெளி விட்டுப் போட்ட மரத்தரை வேண்டும். சிமெண்டுத் தளத்தில் தினமும் குதித்தால் முழங்காலுக்குக் கீழே முன்னெலும்பு வலிக்க ஆரம்பிக்கும். அது தெரிந்து, குதிக்காமல், எண்ணி எண்ணிச் செய்கிறார். அவரைப் போய்ச் சிரித்தீர்கள்.

காந்தி ஸ்டேடியத்தில் காலையில் எத்தனை ஆண்கள் மூச்சிரைக்க ஓடுகிறார்கள். யாராவது ஒளிந்து நின்று வீடியோ எடுக்கிறார்களா? தன் வீட்டு மாடியில், விடியற்காலையில், யாருக்கும் தொந்தரவில்லாமல் செய்ததுதான் அவர் செய்த தப்பா?

கேட்காமல் எடுத்த வீடியோ அது. முதலில் அதை அழியுங்கள்.