ஜப்பானின் நாரா நகரில் எந்த ரயில் நிலையத்தில் இறங்குவது?
ஜேஆர் (ஜப்பான் ரயில்வே) நாரா நிலையத்தில் இறங்கச் சொல்கிறது நாரா பயணம் பற்றிய ஒரு கட்டுரை. ஜேஆர் பாஸ் இருந்தால் சரி. இல்லையென்றால் கின்டெட்சு என்ற தனியார் ரயில் நிறுவனத்தின் நாரா நிலையம்தான் வசதி, மான் பூங்கா பக்கம். ஒசாகா நம்பாவிலிருந்து சுமார் 40 நிமிடம். லிமிடெட் எக்ஸ்பிரஸுக்குத் தனிக் கட்டணம் உண்டு, சாதாரண ரேபிட் எக்ஸ்பிரஸே போதும்.

தோடாய்ஜி கோயிலின் பெரிய புத்தர் மண்டபம் ஏப்ரல் முதல் அக்டோபர் வரை காலை 7.30-க்கே திறக்கும்; பள்ளிப் பிள்ளைகள் கூட்டம் வருமுன் போய்விடுங்கள்.

மான்களுக்கென விற்கும் பிஸ்கட்டை வாங்கிய கையோடு அவற்றுக்குக் கொடுத்துவிடுங்கள். ஆட்டம் காட்டினால் முட்டும், சட்டையை இழுக்கும். தீர்ந்ததும் இரு உள்ளங்கைகளையும் விரித்துக் காட்டினால் பெரும்பாலும் விலகிவிடும். வரைபடத்தைப் பைக்குள் வையுங்கள், காகிதத்தையும் மெல்லும்!

ஹோர்யூஜி கோயிலையும் அதே நாளில் திணிக்க வேண்டாம்: ஜேஆரில் 12 நிமிடம், இறங்கியபின் 20 நிமிட நடை. அதற்குப் பதில் மாலையில் தோடாய்ஜியைச் சேர்ந்த நிகாட்சுடோ மண்டபத்தின் மாடம் ஏறுங்கள். கட்டணம் இல்லை, ஊர் முழுக்கத் தெரியும்.