கடற்கரைக் கோயிலின் அரித்த கல்லுக்கு எந்த வெயில்?

மாமல்லபுரம் கடற்கரைக் கோயிலில் 'சூரியனை முதுகுக்குப் பின்னால் வைத்து எடுங்கள்' என்கிறது புகைப்படம் எடுப்பது பற்றிய ஒரு கட்டுரை. உப்புக் காற்று அரித்த கல்லின் குழிகள் படத்தில் தெரிய அது சரிவராது. காலை 7 மணி வெயில் கிழக்குச் சுவரில் நேராக விழும். குழிகளில் நிழலே இருக்காது, படம் தட்டை. அந்தச் சுவருக்கு 11 மணியை ஒட்டி, வெயில் மேலிருந்து உரசிக்கொண்டு இறங்கும்போது போங்கள். (அழகான வெயில் வேறு, பயன்படும் வெயில் வேறு!) தெற்குச் சுவரென்றால், டிசம்பர், ஜனவரியில் காலையிலேயே பக்கவாட்டு வெயில் கிடைக்கும்.

கேமராவைச் சுவருக்கு இணையாகப் பிடித்தால் லென்ஸ் துளை அளவு எஃப்/8 போதும். எஃப்/22 வைத்தால், சிறு துளையில் ஒளி வளைந்து பரவுவதால் (டிஃப்ராக்‌ஷன்) கல்லின் பொருக்கு மழுங்கும். முக்காலிக்குத் தொல்லியல் துறை அனுமதி வேண்டும். கையில் பிடித்தால் ஷட்டர் வேகத்தில் 1/125 நொடிக்குக் கீழே இறங்காதீர்கள்.

லென்ஸில் படியும் உப்பை உலர்ந்த துணியால் தேய்க்காதீர்கள், கீறல் விழும். முதலில் ஊதுகுமிழால் காற்றடித்து நீக்குங்கள், பிறகே ஈரத்துணி.