60-ம் 65-ம் ஒன்றுதானாம்!

நேற்று காலை எட்டரைக்கு வண்டியை கராஜில் விட்டுவிட்டு வந்தேன், பத்தரைக்கு போன். எம்ஓடி, அதாவது வண்டி ரோட்டில் ஓடத் தகுதியானதா என்று வருஷா வருஷம் பார்க்கிற பரிசோதனை, ஃபெயில். பிரேக் சரி, லைட் சரி, புகை சரி, அடியில் துருகூட இல்லை. டயராம்! தேய்ந்த டயர் என்றாலாவது என் தப்பு என்று தலையில் அடித்துக்கொண்டிருப்பேன், வாங்கி எட்டு மாதம்கூட ஆகாத டயர் அது. முன்பக்கம் இடது சக்கரத்தில் 195/65 ஆர்15, வலது சக்கரத்தில் 195/60 ஆர்15. ஒரே அச்சில் இரண்டு சைஸ் இருந்தால் இந்த பிரிட்டனில் எம்ஓடி கிடையாது, 'மேஜர்' (பெரிய குறை) என்று போட்டு ஃபெயில் சீட்டை நீட்டிவிடுவார்கள். நீட்டிவிட்டார்கள்.

எட்டு மாதமாக இந்தக் கோலத்தில்தான் லண்டனைச் சுற்றியிருக்கிறேன், பின்சீட்டில் பிள்ளைகளை வைத்துக்கொண்டு. எனக்குத் தெரியாது. டயரின் பக்கவாட்டில் பொடி எழுத்தில் இருக்கும் நம்பரை யார் சாமி குனிந்து குனிந்து படிக்கிறார்கள்? ஆனால் மாட்டியவனுக்குத் தெரியும். வயிறு எரிவது அதனால்தான்.

பிப்ரவரியில் லெஸ்டரில் ஒரு கல்யாண ரிசப்ஷன் முடித்துவிட்டு எம்1 மோட்டார்வேயில் திரும்பிக்கொண்டிருந்தோம். இரவு பதினொன்றரை. டயர் பிரஷர் லைட் எரிந்தது, எப்படியோ உருட்டிக்கொண்டு டோடிங்டன் சர்வீஸஸ் வரை வந்துவிட்டேன், இறங்கிப் பார்த்தால் டயரின் பக்கவாட்டு கிழிந்து தொங்குகிறது. டிக்கியில் ஸ்டெப்னி இல்லை. பஞ்சர் ஒட்டுகிற திரவமும் ஒரு குட்டி கம்ப்ரஸரும் மட்டும்தான், கிழிந்த பக்கவாட்டுக்கு அதை வைத்து என்ன செய்வது? (ஸ்டெப்னி என்ற வார்த்தையே இந்த நாட்டுச் சரக்குதான். வேல்ஸில் லனெல்லி என்ற ஊரில் ஸ்டெப்னி தெருவில் 1904-இல் ஆரம்பித்த மாற்றுச் சக்கர வியாபாரம். நாம் இன்னும் அந்தப் பேரைப் பிடித்துக்கொண்டிருக்கிறோம், இங்கே ஒருத்தரிடம் சொன்னால் ரயில்வே ஸ்டேஷனா என்று கேட்கிறார்கள்.)

வேனில் வந்து டயர் மாட்டுகிற ஆளை போனில் பிடித்தோம். நடு இரவு, பட்டுப்புடவையில் மனைவி குளிரில் நடுங்குகிறாள், சின்னவன் தூங்கி விழுகிறான். அந்த ஆள் வந்தான், மாட்டினான், 140 பவுண்டு வாங்கினான், போனான். "என்னிடம் உங்கள் சைஸ் இல்லை, இதை மாட்டித் தருகிறேன், நாளைக்கே மாற்றிக்கொள்ளுங்கள்" என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அவனுக்கு என்ன குறைந்துபோயிருக்கும்? அந்த நேரத்தில் நான் வேண்டாம் என்று சொல்லப்போவதில்லை, அதே 140-ஐ கொடுத்துவிட்டு மறுநாள் மாற்றியிருப்பேன். சொல்லவில்லை. பில்லில்கூட 'ஒரு டயர், 15 இன்ச்' என்றுதான் எழுதியிருக்கிறான், இப்போது எடுத்துப் பார்க்கும்போதுதான் அந்த சாமர்த்தியம் புரிகிறது.

இன்னொரு கூத்து. வீடு வந்து சேர்வதற்குள் அதே பிரஷர் லைட் மறுபடி எரிந்தது. அவனுக்கே போன் போட்டேன். "டயர் மாற்றினால் அப்படித்தான் வரும், செட் பட்டனை அழுத்துங்கள்" என்றான். அழுத்தினேன். அணைந்தது. என் காரில் டயருக்குள் தனியாக பிரஷர் சென்சார் கிடையாது, நான்கு சக்கரமும் எவ்வளவு வேகத்தில் சுற்றுகிறது என்று ஒப்பிட்டுப் பார்த்து, ஒன்று மட்டும் வேகமாகச் சுற்றினால் லைட் போடுகிற வகை. அதாவது கார் என்னிடம் உண்மையைத்தான் சொல்லிக்கொண்டிருந்தது, நான்தான் பட்டனை அழுத்தி அதன் வாயை அடைத்திருக்கிறேன்.

195 என்பது மில்லிமீட்டரில் டயரின் அகலம், 65 என்பது அந்த அகலத்தில் பக்கவாட்டின் உயரம் எத்தனை சதவீதம் என்பது, 15 என்பது ரிம்மின் இன்ச். 65 என்றால் பக்கவாட்டு சுமார் 127 மி.மீ., 60 என்றால் 117. பார்த்தால் தெரியாத வித்தியாசம். ஆனால் சக்கரத்தின் குறுக்களவில் கிட்டத்தட்ட 2 செ.மீ., ஒரு சுற்றுக்கு 6 செ.மீ., மைலுக்குச் சுமார் 26 சுற்று அதிகமாகச் சுற்றியிருக்கிறது அந்தச் சின்ன டயர். முன்சக்கரம் இழுக்கிற வண்டி வேறு, நேர் ரோட்டில் போகும்போதே வளைவில் திரும்புகிற மாதிரி டிஃபரன்ஷியல் (இரண்டு சக்கரமும் வெவ்வேறு வேகத்தில் சுற்ற விடுகிற பல்சக்கர அமைப்பு) எட்டு மாதம் ஓயாமல் உழைத்திருக்கிறது, பாவம். ஆக, அந்த எம்ஓடி விதியின் மேல் எனக்குக் கோபம் இல்லை, அது சரியான விதி.

சரி, கொஞ்சம் கோபம் இருக்கிறது. கம்பெனி வேறு வேறாக இருக்கலாமாம், ஃபெயில் இல்லை. முன்னால் ஒரு சைஸ், பின்னால் ஒரு சைஸ் இருந்தாலும் அதற்காக ஃபெயில் இல்லை. ஒரு பக்கம் 8 மி.மீ. பள்ளம் உள்ள புத்தம்புது டயர், இன்னொரு பக்கம் 1.6 மி.மீ. சட்ட எல்லையைத் தொட்டுக்கொண்டிருக்கிற வழுக்கை, இரண்டிலும் எழுதியிருக்கிற சைஸ் ஒன்றாக இருந்தால் பாஸ்! அங்கே 6 மி.மீ.க்கு மேல் ஆரம் குறைவதை யாரும் கேட்கமாட்டார்கள். அந்த ஆள் இரண்டு பக்கமும் 60-ஐ மாட்டி 280 பவுண்டு கறந்திருந்தால்கூட ஒருவேளை நான் பாஸ் ஆகியிருப்பேன். அரைகுறையாக ஏமாற்றியதுதான் அவன் செய்த தப்பு போல.

இதற்கு நடுவில் ஏப்ரலில் வண்டி லேசாக வலது பக்கம் இழுக்கிறதே என்று 45 பவுண்டு கொடுத்து வீல் அலைன்மெண்ட் வேறு பார்த்தேன். அது வேறொரு கடை. நான்கு சக்கரத்திலும் கருவியை மாட்டி, கம்ப்யூட்டரில் பச்சைக் கோடு காட்டி, எல்லாம் பிரமாதம் என்று அனுப்பிவைத்தார்கள். டயரின் மூக்குக்கு நேரே மூக்கை வைத்து வேலை பார்த்தவர்களுக்கும் அந்த நம்பர் கண்ணில் படவில்லை, அல்லது பட்டும் நமக்கென்ன என்று விட்டுவிட்டார்கள். மூன்றாவது ஆளாகப் பார்த்த எம்ஓடிக்காரர் வண்டியைச் சுற்றி நடந்த முதல் நிமிடத்திலேயே கண்டுபிடித்துவிட்டார்.

பக்கத்து வீட்டு அண்ணன் ஒரு யோசனை சொன்னார். அவர் வண்டியில் இருக்கும் ஒல்லி ஸ்டெப்னியை மாட்டிக் காட்டிவிட்டு வந்துவிடு என்று. அண்ணே, அது இதைவிடப் பெரிய சைஸ் வித்தியாசம், மணிக்கு 50 மைலுக்கு மேல் போகாதே என்று அதன் மேலேயே எழுதியிருக்கிறது, அதை மாட்டிக்கொண்டு போனால் வாசலிலேயே சிரிப்பார்கள்.

கடைசியில் அந்த கராஜிலேயே 72 பவுண்டுக்கு சரியான சைஸ் டயர் ஒன்று மாட்டி, மறு பரிசோதனைக்குக் காசு வாங்காமல் இன்று காலை பாஸ் போட்டுக் கொடுத்துவிட்டார்கள். ஆனால் வண்டியின் நம்பரைத் தட்டினால் போதும், 'ஒரே அச்சில் வெவ்வேறு சைஸ் டயர்' என்று அரசாங்க இணையதளத்தில் வரும், விற்கும்போது வாங்க வருகிறவன் முதலில் அதைத்தான் பார்ப்பான். மாட்டியவன் பெயர் அதில் எங்கும் இல்லை.

கழற்றிய டயரை அப்புறப்படுத்த 3 பவுண்டு கேட்டார்கள். ஆத்திரத்தில் கொடுக்கமாட்டேன் என்று டிக்கியில் போட்டு வீட்டுக்கு எடுத்து வந்துவிட்டேன், இப்போது அது நடைவழியில் சுவரோடு சாய்ந்து நிற்கிறது, மனைவி தாண்டிப் போகும்போதெல்லாம் அதையும் என்னையும் ஒரு பார்வை பார்க்கிறாள். யாருக்காவது உபயோகப்படட்டும் என்று 195/60 ஆர்15, ஒன்றே ஒன்று, இலவசம் என்று விளம்பரம் போட்டேன். பத்து நிமிடத்தில் ஒருத்தர் மெசேஜ் அனுப்பினார்: "என்னுடையது 195/65. அதுவும் இதுவும் ஒன்றுதானே?"