மூன்று புள்ளி போட்டால் கொப்பி ஆகிவிடுமா?

"கொப்பி எடுத்துத்தானே அண்ணா மாத்தினனான்." இதை இன்னொரு தடவை புரோகிராம் எழுதுகிற யாராவது என்னிடம் சொல்லட்டும், லப்டொப்பை மூடிவிட்டு எழும்பிப் போய்விடுவேன்.

புறக்கோட்டையில் ஒரு மொத்தக் கடைக்கு பில் சிஸ்டம் செய்து கொடுத்தோம். நேற்றைய ஓடரையே இன்றைக்கும் போட ஒரு பட்டன். அதை எழுதிய தம்பி, ஜாவாஸ்கிரிப்ட் என்ற புரோகிராம் மொழியில் மூன்று புள்ளி (...) போட்டு பழைய ஓடரைப் புது ஒப்ஜெக்டுக்குள், அதாவது விபரங்களைச் சேர்த்து வைக்கும் பொதிக்குள், கொட்டியிருக்கிறார். திகதியை மாற்றிப் பார்த்தாராம், பெயரை மாற்றிப் பார்த்தாராம், பழையது அசையவில்லையாம். எப்படி அசையும்? அவை மேல்மட்டத்தில் இருப்பவை, அங்கே புதிதாக ஒன்றை வைத்தால் பழையதைத் தொடாது. சாமான் பட்டியல் ஒரு அரே ஐயா, உள்ளே தனியாக இருக்கும் வரிசை! மூன்று புள்ளி அதன் ரெஃபரன்ஸை, அதாவது அது இருக்கும் இடத்தைக் காட்டும் சுட்டியை, மட்டும்தான் கொப்பி செய்யும். ஓடர் இரண்டு, பட்டியல் ஒன்றே ஒன்று. முதலாளி இன்றைய ஓடரில் பருப்பைக் குறைத்தார், நேற்றையதிலும் குறைந்தது. சேவ் கொடுத்ததும் இரண்டும் டேட்டாபேஸுக்குப் போய்விட்டன. நேற்றைய பருப்போ லொறி ஏறிப் போய்விட்டது. வாங்கியவர் கையில் ஒரு பில், ஸ்கிரீனில் வேறொரு கணக்கு. முதலாளி யாரைப் பிடித்தார் தெரியுமா? கல்லாவில் நிற்கிற பெடியனை. கணக்கில் கை வைத்தாய் என்று ஆட்களுக்கு முன்னால் வைத்து ஏசியிருக்கிறார். அந்தப் பிள்ளை என்ன பாவம் செய்தது?

அவசரத்துக்கு வந்த திருத்தம் அதைவிட மோசம். ஓடரை ஜேசனாக்கி, அதாவது வெறும் எழுத்து வடிவமாக்கி, அதிலிருந்து திரும்ப எடுத்தார்கள். பட்டியல் பிரிந்தது, ஆனால் டேட் ஒப்ஜெக்ட் வெறும் எழுத்தாகிவிட்டது, அண்டிஃபைன்ட் ஆக, அதாவது மதிப்பு வைக்கப்படாமல், இருந்த விபரங்கள் காணாமல் போயின. உள்ளே இருப்பதையும் சேர்த்துக் கொப்பி எடுக்கும் ஸ்ட்ரக்சர்ட்க்ளோன் என்ற வசதி 2022இலிருந்து முக்கிய பிரவுசர்களில் எல்லாம் இருக்கிறது. டேட்டை டேட்டாகவே வைத்திருக்கும், தன்னையே சுற்றி வரும் ரெஃபரன்ஸையும் சமாளிக்கும். ஒப்ஜெக்டுக்குள் ஃபங்ஷன் இருந்தால் எரர் எறியும், கிளாஸின் மெதட்கள் (அந்த வகை ஒப்ஜெக்டுக்கென்று எழுதிய செயல்கள்) கூடவே வராது, அதையும் தெரிந்துகொண்டு பாவியுங்கள்.

ஜாவா என்ற வேறு மொழியில் எழுதும் ஆட்கள் சிரிக்க வேண்டாம். 1996இல் வந்த முதல் ஜாவாவிலேயே கொப்பி எடுக்கும் க்ளோன் மெதட் இருந்தது. நீங்களாக மாற்றி எழுதாவிட்டால் அதுவும் உள்ளே இருக்கும் ஒப்ஜெக்டைப் பகிரத்தான் செய்யும். பைத்தான் மொழியில் உள்ளே வரை கொப்பி எடுக்க டீப்கொப்பி என்று தனியாகவே வைத்திருக்கிறார்கள், அங்கேயும் வெறும் கொப்பியைக் கூப்பிட்டுவிட்டு முழிக்கிறார்கள். எழுதிய கோடை இன்னொருவர் பார்க்கும் ரிவியூவில் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: உள்ளே இருப்பதை மாற்றிப் பார்த்தீர்களா?