புண்ணைக் காற்றாட விட்டால்தான் ஆறுமா?

"சிராய்ப்பை மூடாதீர்கள், காற்றுப்பட்டுப் பொருக்குத் தட்டினால்தான் சீக்கிரம் ஆறும்" என்று வாட்ஸ்அப்பில் ஒரு செய்தி சுற்றுகிறது. இது தவறு.

காயத்தின் விளிம்பிலிருந்து புதுத்தோல் செல்கள் ஈரப்பரப்பில்தான் எளிதாக நகரும். பொருக்குத் தட்டிவிட்டால் அதன் அடியில் வழி தேடி ஊர்ந்தாக வேண்டும். 1962-இல் ஜார்ஜ் வின்டர் என்ற ஆய்வாளர் பன்றிகளின் மேலோட்டமான காயங்களில் இதைக் காட்டினார்: பாலித்தீன் படலத்தால் மூடியவற்றில், திறந்து விட்டவற்றைவிட ஏறக்குறைய இரு மடங்கு வேகத்தில் தோல் வளர்ந்தது.

இப்படி ஈரத்தைக் காக்க ஹைட்ரோகொலாய்டு பட்டை (காயநீரை உறிஞ்சிக் கூழாகும் ஒட்டுப்பட்டை) ஒட்டுவதாயிருந்தால், காயத்தைக் குழாய்த் தண்ணீரில் கழுவிச் சுற்றுத்தோலை நன்றாக உலர்த்துங்கள். எண்ணெயோ களிம்போ இருந்தால் ஒட்டாது. பட்டை எல்லாப் பக்கமும் காயத்தைத் தாண்டி 2 செ.மீ. இருக்கட்டும். ஒட்டியபின் உள்ளங்கையால் ஒரு நிமிடம் அழுத்துங்கள், சூடுபட்டால்தான் பிடிக்கும்.

மறுநாள் பட்டை நடுவில் வெள்ளையாக உப்பிவரும், லேசாக வாடையும் வரும். பலர் சீழ் என்று பயந்து தினமும் பிய்க்கிறார்கள். முளைத்த தோலும் கூடவே உரிந்துவிடுகிறது. அந்த வெள்ளை உப்பல் சீழல்ல, காயநீரை உறிஞ்சிய கூழ்தான். ஓரத்தில் கசியாதவரை 3 முதல் 5 நாள் விட்டுவைக்கலாம். எடுக்கும்போது மேலே இழுக்காமல், தோலோடு ஒட்டினாற்போல் பக்கவாட்டில் இழுத்துத் தளர்த்துங்கள்.

சிவப்பு பரவினால், வலி கூடினால், காய்ச்சல் வந்தால் உடனே எடுத்துவிட்டு மருத்துவரிடம் போங்கள். சர்க்கரை நோயாளியின் கால்புண்ணுக்கு இதை நீங்களாகவே ஒட்ட வேண்டாம். நாய்க்கடியை மூடவே கூடாது: 15 நிமிடம் சோப்பும் தண்ணீரும், பிறகு தடுப்பூசி.