அவர் பாட்டுக் கேட்கவில்லை

ஐசியூவில் ஒரு நோயாளியின் கட்டில் பக்கத்தில் டாக்டர் காதில் ஹெட்போன் மாட்டிக்கொண்டு நிற்கிறார். கண்ணாடிக்கு வெளியே இருந்து நோயாளியின் வீட்டார் எடுத்த அந்த வீடியோ நேற்று இரவு எங்கள் குடும்ப வாட்ஸ்அப் குரூப்புக்கும் வந்து சேர்ந்தது. அனுப்பியது வேறு யாரும் இல்லை, என் சொந்தச் சித்தப்பா. கீழே ஒரு வரி: "உசுருக்குப் போராடறவன் பக்கத்துல நின்னுக்கிட்டு டாக்டரு பாட்டுக் கேக்கறாரு பாருங்க." ஒன்பது பேர் கோப முகம் போட்டிருக்கிறார்கள். அந்த குரூப்பில் பதினோரு வருடமாக ஐசியூ நர்ஸாக வேலை செய்யும் நானும் இருக்கிறேன். "ஏங்கண்ணு, இது என்னது?" என்று ஒருத்தரும் என்னிடம் கேட்கவில்லை.

அவர் பாட்டுக் கேட்கவில்லை. நோயாளியின் நெஞ்சைக் கேட்டுக்கொண்டிருந்தார்.

வீடியோவை நிறுத்தி நிறுத்திப் பாருங்கள். கட்டிலுக்கு அந்தப் பக்கம் ஒரு நர்ஸ் குனிந்து நிற்கிறார். கையில் வட்டமாக ஒரு சின்னக் கருவி. அதை நெஞ்சின் இடது பக்கம் வைக்கிறார். டாக்டர் தலையசைத்ததும் கை வலது பக்கம் போகிறது. டாக்டரின் கண் வென்டிலேட்டர் திரையை விட்டு நகரவில்லை. பாட்டுக் கேட்கிறவருக்கு எதற்கு நர்ஸின் கை இடம் மாற வேண்டும்?

அது வயர்லெஸ் ஸ்டெதாஸ்கோப். நெஞ்சில் வைக்கும் பகுதியில் மைக் இருக்கிறது. அது சத்தத்தைப் பெரிதாக்கி, புளூடூத் வழியாக ஹெட்போனுக்கு அனுப்புகிறது. அவ்வளவுதான். ஐசியூவில் எந்நேரமும் ஏதாவது ஒன்று கத்திக்கொண்டே இருக்கும்: வென்டிலேட்டர், மானிட்டர், மருந்து பம்ப். அந்த இரைச்சலில் சாதாரண ஸ்டெதாஸ்கோப்பில் மெல்லிய மூச்சுச் சத்தத்தைப் பிடிப்பது எவ்வளவு கஷ்டம் என்று எங்களுக்குத்தான் தெரியும். தொண்டையில் போட்ட குழாய் கொஞ்சம் ஆழமாக இறங்கிவிட்டால் வலது நுரையீரலுக்கு மட்டும் காற்று போகும், இடது பக்கம் சத்தம் குறையும். எக்ஸ்ரே எடுத்துப் பார்ப்போம், சரி. அது வருவதற்கு முன்னால் அந்த வித்தியாசத்தைச் சொல்வது காதுதான்.

"டாக்டர் தொட்டுப் பார்த்தாலே பாதி நோய் போயிடும், இவர் தள்ளி நிக்கறாரே" என்று ஒருவர் எழுதியிருந்தார். இந்த வார்த்தைதான் என்னைத் தூங்கவிடவில்லை. 1816-ல் பாரிஸில் லாயென்னெக் என்ற டாக்டர் ஒரு இளம்பெண்ணின் நெஞ்சில் காதை வைக்கக் கூச்சப்பட்டார். காகிதத்தைச் சுருட்டி, அதன் வழியாகக் கேட்டார். ஸ்டெதாஸ்கோப் பிறந்ததே அப்படித் தள்ளி நின்று கேட்டதில்தான். 2021 மே மாதம் தினசரி கொரோனா தொற்றில் கோவை சென்னையையே தாண்டிப் போனபோது, தலை முதல் கால் வரை மூடிய உடையில் நின்றோமே, அந்த மூடிக்குள் ஸ்டெதாஸ்கோப்பை எந்தக் காதில் மாட்டுவது? அன்று தள்ளி நின்றதற்குக் கைதட்டினீர்கள். இன்று திட்டுகிறீர்கள்.

என் மாமன் கோபி பக்கம் விவசாயி. சில வருடம் முன்பு காற்றுக்கு எதிரே நின்று பூச்சிமருந்து அடித்து, உடம்பெல்லாம் நனைந்து, மூச்சு விட முடியாமல் கொண்டுவந்து சேர்த்தோம். அந்த விஷத்தில் நுரையீரல் முழுக்க நீர் சுரக்கும். அதை முறிக்க அட்ரோபின் என்ற மருந்தை ஊசியில் போடுவார்கள். ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை நெஞ்சைக் கேட்க வேண்டும், கரகர சத்தம் குறையவில்லை என்றால் முன்பு போட்டதைப் போல இரண்டு மடங்கு. எப்போது நிறுத்துவது என்று சொல்லும் முக்கியமான அடையாளமே அந்தச் சத்தம் அடங்குவதுதான். அன்று இரவு டாக்டர் ஒவ்வொரு முறை குனிந்தபோதும் நான் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். நானும் நர்ஸ்தான், ஆனால் அவர் காதில் விழுவது எனக்கு விழவில்லை. வெளியே அம்முச்சி "என்ன சொல்றாங்க கண்ணு?" என்று கேட்டதற்கு என்னிடம் பதில் இல்லை. மாமன் பிழைத்துக்கொண்டார். அந்த ராத்திரி மட்டும் இன்னும் போகவில்லை.

போன வருடம் எங்கள் யூனிட்டுக்கு இந்தக் கருவி வந்தது. ஒரு சீனியர் டாக்டர் இரண்டாவது ஹெட்போனை என்னிடம் நீட்டி, "நீங்களும் கேளுங்க சிஸ்டர்" என்றார். ஒரே சத்தம், ஒரே நேரம், இரண்டு பேர் காதிலும். இத்தனை வருடத்தில் ஒரு டாக்டர் அப்படிச் சொன்னது அதுதான் முதல் தடவை. ராத்திரி மூன்று மணிக்கு நோயாளியின் மூச்சு மாறினால் முதலில் பார்ப்பது நாங்கள். ஆனால் "சத்தம் சரியில்லைங்க டாக்டர்" என்று நர்ஸ் சொன்னால் எத்தனை பேர் காது கொடுக்கிறார்கள்? வீடியோவில் கூட அந்த நர்ஸ் யார் கண்ணுக்கும் படவில்லை. நெஞ்சில் இருந்த கை அவருடையது.

சார்ஜ் தீர்ந்தால் என்ன செய்வீர்கள் என்கிறார்கள். கழுத்தில் பழையது தொங்குகிறது, அதை எடுப்போம். தொற்று பரவாதா என்றால், ஒவ்வொரு நோயாளிக்கும் துடைத்துத்தான் வைக்கிறோம். பில்லில் ஏற்றுவார்களே என்ற கேள்வி நியாயமானதுதான், மறுக்கவில்லை. அதை ஆஸ்பத்திரியிடம் கேளுங்கள், கடன் வாங்கிப் பணம் கட்டுகிற குடும்பங்களை நானும் தினம் பார்க்கிறேன். ஆனால் அதற்கும் அந்த டாக்டரைத் திட்டுவதற்கும் என்ன சம்பந்தம்?

கண்ணாடிக்கு வெளியே நின்றவரிடம் "இது நெஞ்சைக் கேக்கற மெசின்ங்க" என்று யாராவது ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் இந்த வீடியோவே வந்திருக்காது. அது எங்கள் பக்கத் தப்பு. அந்தக் குடும்பத்தின் மேல் எனக்குக் கோபம் இல்லை, பயத்தில் இருந்தவர்கள். விவரம் தெரியாமல் அதைப் பரப்பியவர்கள் மேல்தான் கோபம்.

சித்தப்பா, மாமனை ஆஸ்பத்திரியில் சேர்த்த அன்று விடிய விடிய என்கூட உட்கார்ந்திருந்தது நீங்கதான். அந்த வீடியோவை குரூப்பில் இருந்து எடுத்துப்போடுங்க.