அந்தத் தொகைக்கு என்ன செய்கிறோம்

போன கிழமை இந்தப் பக்கத்தில் சுற்றிய படத்தை எல்லோரும் பார்த்திருப்பீர்கள். வீடுகளுக்குப் படம் போட்டுக் கட்டுமானத்தையும் மேற்பார்க்கிற எங்கள் கட்டடக்கலை அலுவலகத்தின் கட்டணக் கடிதம், அதன் இரண்டாம் பக்கம். பெயரை மறைத்து, தொகையைச் சிவப்பில் வட்டமிட்டு, "பிளான் ஒண்டு கீறிறதுக்கு இவ்வளவு காசோ?" என்று ஒரு வரி. கீழே வரிசையாகச் சிரிப்பு. திருகோணமலையில் இப்படிக் கடிதம் எழுதிக் கொடுக்கிற அலுவலகங்கள் சில தான், மறைத்த பெயர் யாருடையது என்று மத்தியானத்துக்குள் ஊருக்கே தெரிந்துவிட்டது. முதலாம் பக்கத்தை ஏன் போடவில்லை? அந்தத் தொகைக்கு என்னென்ன செய்வோம் என்று அதில்தானே எழுதியிருந்தது.

அதை இங்கே எழுதுகிறேன். வீட்டுக்காரரிடம் மட்டுமே நாங்கள் காசு வாங்குகிறோம். அதனால்தான் வீடு முடியும்வரை வீட்டுக்காரரின் பக்கம் நிற்க முடிகிறது. இந்த ஒன்றைத்தான் திரும்பத் திரும்பச் சொல்லப்போகிறேன்.

"பிளான் இலவசம்" என்று ஒருவர் சொன்னால் அவருடைய வீட்டுச் செலவு எங்கிருந்து நடக்கிறது என்று கேளுங்கள். டைல்ஸ் கடை, அலுமினிய ஜன்னல்காரர், ஹார்ட்வெயார், கொந்தராத்துக்காரர் என்று எங்காவது இருந்து கொமிஷன் வரவேண்டும். அந்தக் கொமிஷன் பில்லுக்குள்ளேயே இருக்கிறது, கட்டுவது நீங்கள். கடைக்காரரிடம் காசு வாங்கியவர் அந்தக் கடையின் பழுதான டைல்ஸ் பெட்டியைத் திருப்பி அனுப்பச் சொல்ல மாட்டார். எங்கள் அலுவலகத்தில் கொமிஷன் கிடையாது. கடை விலைக்கழிவு கொடுத்தால் பில் வீட்டுக்காரர் பெயரில், கழிவும் அவருக்கே.

செலவில் இத்தனை வீதம் என்று கட்டணம் வாங்குவதையும் விட்டுவிட்டோம். 2022இல் சீமெந்தும் கம்பியும் ஏறிக்கொண்டே போனபோது, வீதக் கணக்கில் எங்கள் கட்டணமும் சேர்ந்து ஏறியிருக்கும். நாங்கள் ஒரு வேலையும் கூடச் செய்யாமல். அதனால் இப்போது பரப்பளவையும் வேலையின் சிக்கலையும் பார்த்து ஒரே தொகை. அதை ஐந்தாகப் பிரிக்கிறோம்: ஒப்பந்தத்தோடு 10 வீதம், மாதிரிப் படத்துக்கு 25, விவரப் படங்களுக்கு 30, அளவுப்பட்டியலுக்கும் விலைக்கோரலுக்கும் 10, கட்டுமானக் காலத்துக்கு 25. எந்தக் கட்டத்திலும் நிறுத்திக்கொள்ளலாம். அதுவரை செய்ததற்குக் கொடுத்தால் போதும், படங்கள் உங்களுடையவை.

அந்தக் கடைசி 25 வீதத்தைத்தான் "சும்மா வந்து பார்த்துவிட்டுப் போகிறதுக்கு" என்று ஒருவர் எழுதியிருந்தார். சரி, என்ன பார்க்கிறோம் என்று சொல்கிறேன்.

உப்புவெளி, நிலாவெளிப் பக்கம் கொஞ்சம் பழைய வீடுகளில் கொங்கிரீட் சிலாப்பின் அடியை அண்ணாந்து பாருங்கள். சிலவற்றில் கொங்கிரீட் பொருக்குப் பொருக்காக உதிர்ந்து கம்பி சிவந்து தெரியும். கடற்காற்றைக் குறை சொல்வோம். காற்று உப்பைக் கொண்டுவருவது உண்மை. ஆனால் அந்த உப்பைக் கம்பி வரைக்கும் போகவிட்டது, கம்பிக்குக் கீழே இருக்கவேண்டிய கொங்கிரீட் தடிப்பு இல்லாததுதான். கம்பி கட்டி முடிந்ததும் அடியில் சல்லிக்கல்லை முட்டுக் கொடுப்பார்கள். கொங்கிரீட் போடுகிறவர்கள் மேலே நடக்கும்போது கல் சரிந்து கம்பி பலகையில் படுத்துவிடும். பலகை கழற்றி அடியில் பூச்சுப் பூசினால் ஒன்றும் தெரியாது. துரு பிடித்த கம்பி பருத்து, கொங்கிரீட்டை உள்ளிருந்து உடைக்கும்போதுதான் தெரியும். அப்போது கொந்தராத்துக்காரர் எங்கே இருப்பார்?

கடலுக்குக் கிட்டிய வேலைகளில் நாங்கள் 40 மில்லிமீற்றர் தடிப்புக் கேட்கிறோம். அதற்காகக் கம்பியைத் தூக்கிப் பிடிக்கிற சிறு கட்டைகளை, அதாவது கவர் பிளொக்கை, முன்கூட்டியே நல்ல கலவையில் வார்த்து, கட்டுக்கம்பி பதித்து, தண்ணீரில் ஊறவைத்து, மூன்றடிக்கு ஒன்றாகக் கம்பியோடு கட்டவேண்டும். கொங்கிரீட் போடுவதற்கு முதல்நாள் அளவுநாடாவோடு போய்ப் பார்ப்போம். கையெழுத்து வைக்காமல் மிக்சர் சுற்றக்கூடாது. கலவைக்கு எடுக்கிற கிணற்றுத் தண்ணீரை வாயில் வைத்துப் பார்ப்போம், உப்புக் கரித்தால் பவுசர் தண்ணீர். கச்சான் காற்று அடிக்கிற மாதங்களில் விடியற்காலையிலேயே தொடங்கச் சொல்வோம், இல்லாவிட்டால் காற்று மேல் ஈரத்தை உறிஞ்சி, சிலாப் இறுகுவதற்குள்ளேயே மயிரிழை வெடிப்பு விழும். பிறகு வரம்பு கட்டி ஏழு நாளாவது தண்ணீர் நிறுத்தவேண்டும். இதில் எதுவும் நீங்கள் கேலி செய்த "பிளானில்" கோடாகத் தெரியாது.

கிணறு இன்னொன்று. பத்துப் பேர்ச் காணி என்றால் 2,722 சதுர அடிதான். கிணற்றுக்கும் மலக்குழிக்கும் இடையில் 50 அடியாவது விடுங்கள் என்று ஊரில் எல்லோரும் சொல்வார்கள், ஆனால் தன் கிணற்றிலிருந்து மட்டும் அளப்பார்கள். மதிலுக்கு அந்தப் பக்கம் இருக்கிற கிணறு? நாங்கள் படம் தொடங்குமுன் அயல்காணிகளின் கிணறுகளையும் குழிகளையும் அளந்து குறிக்கிறோம். மாரியில் நிலத்தடி நீர் மேலே ஏறி வரும் ஊர் இது. அப்படிக் குறித்தபிறகு குளியலறை எங்கே வரலாம் என்பது தானாகவே முடிவாகிவிடும், சமையலறையும் அதோடு இடம் மாறும். ஒரு வீட்டில் இதற்காக முழுப் படத்தையும் திருப்பிப் போட்டோம். அந்த வீட்டுக்காரர் முதலில் கோபப்பட்டார், பக்கத்து வீட்டம்மா இப்போதும் அந்தக் கிணற்றில்தான் குடிதண்ணீர் அள்ளுகிறார்.

வெயிலும் அப்படித்தான். வடக்குப் பக்கம் எப்போதும் நிழல் என்று பலர் நம்புகிறார்கள். எங்கள் ஊரில் ஏப்ரல் நடுப்பகுதியிலிருந்து ஆகஸ்ட் முடியும்வரை உச்சி வெயில் வடக்கிலிருந்துதான் சாய்கிறது. சரியாக வெக்கை உச்சத்தில் இருக்கிற மாதங்கள். வடக்கு ஜன்னலுக்கும் தாழ்வாரம் வேண்டும்.

இனி, வரப்போகிற கேள்விகள்.

"டிராஃப்ட்ஸ்மன் இதில் கால்வாசிக்குக் கீறித் தருகிறாரே." தருகிறார், அவர் மேல் எனக்கு ஒரு குறையும் இல்லை. கட்ட அனுமதிக்காக உள்ளூராட்சி சபைக்குக் கொடுக்கிற படத்தைத் தருகிறார், அந்த வேலைக்கு அது நியாயமான காசு. அவரை யாரும் சிலாப் பார்க்க அனுப்புவதில்லையே.

"எங்கட அப்பா மேசனை வச்சே கட்டினவர், வீடு இண்டைக்கும் நிக்குது." நிற்கும். அந்த மேசன் அத்திவாரத்திலிருந்து ஓடு வேயும்வரை அதே வளவில் இருந்தவர், விறாந்தையும் தாழ்வாரமும் ஏன் என்று தெரிந்தவர். இன்று சதுர அடிக் கூலிக்கு வருகிற குழு, கம்பி கட்டி முடிந்ததும் கிண்ணியாவில் அடுத்த வேலைக்குப் போய்விடுகிறது. அது அவர்கள் பிழையும் இல்லை.

"காசில்லாதவர்கள் என்ன செய்வது?" இது ஒன்றுதான் எனக்கும் வலிக்கிற கேள்வி. இதற்கு எங்களிடம் முழுப் பதில் இல்லை. சனிக்கிழமை காலையில் யாரும் தங்கள் படத்தைக் கொண்டு வரலாம், காசு வாங்குவதில்லை. கிணறு, வெயில், சிலாப், படிக்கட்டு உயரம் இவற்றைப் பார்த்துச் சிவப்புப் பேனாவால் திருத்திக் கொடுக்கிறோம். கடற்கரையோரக் காணி என்றால் 300 மீற்றர் கரையோர வலயத்துக்குள் வருகிறதா, அத்திவாரம் வெட்டுமுன் எந்தத் திணைக்களத்துக்குப் போகவேண்டும் என்றும் சொல்லி அனுப்புகிறோம். சிலருக்கு "புது வீடு வேண்டாம், இருக்கிற வீட்டின் கூரையை மாற்றுங்கள்" என்றுகூடச் சொல்லியிருக்கிறோம். அந்தப் பதிவில் சிரித்தவர்களில் இருவர் இப்படி வந்து போனவர்கள். அதைப் பார்த்தபோதுதான் உண்மையில் மனம் விட்டுப்போனது.

கட்டடக் கலைஞர் மினெட் டி சில்வா 1950களில் கண்டி வட்டப்புளுவ வீடமைப்புக்குப் படம் போட்டபோது, குடியேறப்போகிற குடும்பங்களிடம் கேள்விக்கொத்து கொடுத்துக் கேட்டுத்தான் வரைந்தார். அதைப் படித்த ஆசையில்தான் நாங்களும் கேட்கத் தொடங்கினோம். அம்மம்மா எங்கே படுப்பார், மாவிடிப்பது எங்கே, நெல்லு மூட்டை வருமா, பெருநாளுக்கும் பொங்கலுக்கும் எத்தனை பேர் கூடுவார்கள் என்று. ஒரு குடும்பத்தோடு இப்படி இருந்து பேச நேரம் வேண்டும். நான்கு பேர் அலுவலகம், அதனால் ஒரே நேரத்தில் ஐந்து வேலைக்கு மேல் எடுப்பதில்லை. ஐந்துக்கு மேல் எடுத்தால் சிலாப் பார்க்கப் போகிற நாளைத்தான் முதலில் வெட்டவேண்டி வரும்.

கொழும்பிலிருந்து ஒருவர் வந்து இதே தொகையைக் கேட்டால் தேத்தண்ணி கொடுத்து வாசல்வரை வந்து வழியனுப்புகிறீர்கள். நானே கண்டிருக்கிறேன். இங்கே பிறந்து, படித்துவிட்டு இங்கேயே திரும்பி வந்த பிள்ளை கேட்டால் வட்டம் போட்டுச் சிரிக்கிறீர்கள். பிறகு பிள்ளைகள் எல்லாம் கட்டாருக்கும் துபாய்க்கும் போகிறார்கள் என்று இதே பக்கத்தில் கவலைப்படுகிறீர்கள்.

எங்களிடம் பயிற்சிக்கு இருக்கிற பிள்ளை மூதூரிலிருந்து தினமும் பஸ்ஸில் வருகிறாள். அயல் கிணறுகளை அளந்து குறிப்பவள் அவள்தான். "பயிற்சிதானே, சம்பளம் எதற்கு, அதை வெட்டினால் கட்டணம் குறையுமே" என்று ஒருவர் அக்கறையாக எழுதியிருக்கிறார். அண்ணை, அவளுடைய சம்பளத்தில் கைவைத்துக் கட்டணத்தைக் குறைக்க மாட்டோம்.